மானிட்டரை வழிக்குக் கொண்டுவந்த கதைகள்

கறுத்துப்போன திரைக்கு முன்னால், வாடிக்கையாளரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கீபோர்டைத் தட்டுவதற்குப் பெயர்தான் கம்ப்யூட்டர் சர்வீஸ். இந்தத் தொழிலில் மாட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாட்டாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்வமணி அண்ணன் கடையில் நான் வேலை பார்க்கிறேன். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனசில்லாதவர்களுக்கு, அதில் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸை ஏற்றி மறுபடி ஓட வைப்பது எங்கள் பிழைப்பு. கம்ப்யூட்டர் ஓடிவிடும். தகராறு பண்ணுவது மானிட்டர். "என் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு" என்று கேபிள் வழியாக அது கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். கேபிள் பழசாகி ஒரு பின் ஒடிந்திருந்தால் சொல்லாது. லினக்ஸும் பாவம், ஏதோ ஒரு சதுர அளவை வைத்துக்கொண்டு அகலமான திரையில் இழுத்துக் காட்டும். மனுஷன் முகமெல்லாம் பலாப்பழமாகிவிடும். அப்போது கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து, நாலு வரி அடித்து, சரியான அளவை நாங்களே திணிக்க வேண்டும். அளவு பொருந்தினால் படம் கண்ணாடி மாதிரி நிற்கும். பொருந்தாவிட்டால் திரை முழுக்க இருட்டாகி, நடுவில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்', அதாவது இந்த அளவு எனக்கு எட்டாது, என்று ஒரு சின்னப் பெட்டி மட்டும் மிதக்கும். அந்தப் பெட்டியைப் பார்த்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்.

ஜெயங்கொண்டத்தில் இருட்டு

ஜெயங்கொண்டத்தில் கலைச்செல்வி அக்கா ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறார். காலேஜ் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கடை வாசல் வரைக்கும் கூட்டம். அன்றைக்குப் பார்த்து மானிட்டர் அளவு குறுகிப்போய்விட்டது. விண்ணப்பத்தை நிரப்பி முடித்ததும் ஒரு பெட்டி வருகிறது, அதன் அடியில் இருக்கிற 'சம்மதம்' பட்டன் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. மேலே தள்ளினாலும் வரவில்லை. நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பின்னால் அவள் அப்பா, முந்திரித் தோப்பில் வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்தவர், கையில் கறையோடு நின்றார்.

"புள்ள நல்ல மார்க்குங்க. எப்படியாவது அனுப்பி வுட்டுருங்க" என்றார்.

நான் கறுப்பு ஜன்னலைத் திறந்து பெரிய அளவு ஒன்றைத் திணித்தேன். பட்டென்று எல்லாம் போய்விட்டது. இருட்டு. நடுவில் அந்த 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' பெட்டி. அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கலைச்செல்வி அக்கா என் தோளைப் பிடித்த பிடி, இன்னும் நினைத்தால் வலிக்கிறது. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். திரைதான் குருடு, கம்ப்யூட்டர் உள்ளே முழித்துக்கொண்டுதான் இருக்கிறது. நான் அடிப்பது அதற்குக் கேட்கும். அதனால் ஒன்றும் தெரியாத திரையைப் பார்த்தபடி பழைய அளவுக்குத் திரும்புகிற கட்டளையை அடித்து என்டர் தட்டினேன். வரவில்லை. எங்கோ ஒரு எழுத்துப் பிசகிவிட்டது. விரலை எடுத்து, கீபோர்டைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக மறுபடி அடித்தேன். திரை ஒரு சிமிட்டு சிமிட்டி வெளிச்சமானது. விண்ணப்பம் அப்படியே இருந்தது.

அப்புறம் முதலில் திணித்ததைவிட ஒரு படி சின்ன அளவைப் போட்டேன், பட்டன் மேலே ஏறி வந்தது. அந்தப் பெண் அழுத்தினாள், போய்விட்டது. அவள் அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது:

"கண்ணுக்குத் தெரியாம அடிச்சப்ப வந்துருச்சுங்க. தெரிஞ்சு அடிச்சப்பதான் போச்சு."

லாரியில் இருந்த கல் எங்கே?

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் எடை போடுகிற ஒரு மேடை. உள்ளே லினக்ஸ் கம்ப்யூட்டர், வெளியே டிரைவர்கள் பார்க்க ஒரு பெரிய டிவி. புது டிவியை மாட்டியதிலிருந்து ஒரு சிக்கல். சில டிவிகள் வருகிற படத்தின் ஓரத்தைத் தாங்களே கொஞ்சம் வெட்டிவிடும். இந்த டிவி வெட்டியது, எடையின் கடைசி எண்ணை.

லோடு ஏற்றிய லாரி மேடையில் ஏறியது. 31460 என்று வர வேண்டியது. டிவியில் 3146, காலி லாரியின் எடைகூட இல்லை. டிரைவர் சின்னச்சாமி என்பவர், இருபது வருஷம் இந்த ரோட்டில் ஓட்டியவர். எண்ணைப் பார்த்ததும் கதவைத் திறந்து குதித்து, லாரியின் பக்கவாட்டில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். கல் இருக்கிறது. இறங்கி வந்து டிவியைப் பார்த்தார். கல் இல்லை. மறுபடி ஏறினார். பின்கதவு திறந்து வழியெல்லாம் கல் கொட்டியிருக்குமோ, பின்னால் வந்த டூவீலர்க்காரன் எவன் மேலாவது விழுந்திருக்குமோ என்று வந்த வழியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மேடைக்காரர் உள்ளே சரியான எண்ணைக் காட்டியும் நம்பவில்லை. "வெளிய ஒண்ணு உள்ள ஒண்ணுன்னா யாரு ஏமாத்துறது?" என்று மற்ற டிரைவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மேடைக்கு இரண்டு பக்கமும் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

டிவி வெட்டுகிற ஓரத்தை விட்டுவிட்டு, அதற்குள் அடங்குகிற மாதிரி கொஞ்சம் சின்ன அளவு ஒன்றை நானே செய்து திணித்தேன். ஐந்தாவது எண் எட்டிப் பார்த்தது. சின்னச்சாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் நாம் திணித்த அளவு மறந்துபோகும் என்பதும், தானாகத் திரும்பி வர ஒரு ஏற்பாடு எழுதி வைக்க வேண்டும் என்பதும் நமக்கெல்லாம் தெரிந்த விஷயம். நான்தான் எழுதி வைக்கவில்லை, அந்தக் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும். பஸ் கீழப்பழுவூர் தாண்டவில்லை, மேடைக்காரர் போன்.

"யம்மா, கரண்டு போயிட்டு வந்துச்சு, நீங்க போட்டது காணாம போயிருச்சு. அவரு மறுபடி லாரி மேல ஏறிட்டாரும்மா."

ஸ்கேன் அறையில்

பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டர். டாக்டர் பார்க்கிற மெஷின் வேறு. கட்டிலில் படுத்திருக்கிற கர்ப்பிணி தன் குழந்தையைப் பார்க்கட்டும் என்று எதிர்ச் சுவரில் ஒரு திரை, அதற்கு ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரில் விசிறி மாற்ற நான் வராந்தாவில் காத்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு அழுகை கேட்டது. வலியில் அழுவது மாதிரி இல்லை. நர்ஸ் வெளியே ஓடி வந்து, "மேடம், சீக்கிரம் உள்ள வாங்க, திரை கோளாறு" என்றார்.

கட்டிலில் இருந்த பெண் பெயர் ரேவதி. முதல் குழந்தை. திரையில் குழந்தையின் தலை, மேலிருந்து யாரோ அமுக்கியது மாதிரி சப்பையாக, பக்கவாட்டில் பரந்து கிடந்தது. அளவு போய்விட்டது, அவ்வளவுதான். டாக்டரம்மா தன் மெஷினைக் காட்டி, "இங்க பாருங்க, புள்ள நல்லாருக்கு, அந்த டிவிதான் தப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரேவதி கேட்கவில்லை. "என்னய சமாதானம் பண்ணப் பொய் சொல்றீங்க" என்று அழுதாள். அவளுடைய மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் திரையிலிருந்து எடுக்காமல் நின்றார். புருஷன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

நான் அளவைச் சரி பண்ணியிருக்கலாம். ஆனால் அப்படிப் பண்ணினால், குழந்தையை ஏதோ மாற்றிக் காட்டுகிறோம் என்றுதான் நினைப்பாள் என்று தோன்றியது. அதனால் அவள் புருஷனிடம், "தம்பி, உங்க கல்யாண போட்டோ போன்ல இருக்கா?" என்று கேட்டேன். எடுத்துக் கொடுத்தான். கேபிளைச் செருகி அதே திரையில் அந்தப் போட்டோவைப் போட்டேன். மாலையோடு நின்ற மாப்பிள்ளை தவில் மாதிரி இருந்தான். ரேவதியின் கன்னம் காது வரைக்கும் போயிருந்தது. அழுகை சட்டென்று நின்றது. "நல்லாப் பாரும்மா, உங்க ரெண்டு பேரையும் இப்படித்தான் காட்டுது" என்றேன். அவள் பார்க்கப் பார்க்க நாலு வரியை அடித்தேன். ஒரு சிமிட்டு. மாப்பிள்ளை மெலிந்து மனுஷனானான். அதற்கப்புறம் குழந்தையைப் போட்டோம். தலை எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையாக, கை ஒன்று முகத்துக்குப் பக்கத்தில் அசைந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். சுவரைப் பிடித்திருந்த மாமியார் என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்:

"அப்ப மொதல்ல வந்து எங்கள அழ வச்சிட்டுப் போனது யார் வூட்டுப் புள்ளம்மா?"

செட்டிகுளத்து வாளி

செட்டிகுளத்தில் ஒரு சின்ன வெங்காய விவசாயி வீடு. அவருடைய மகள் நித்யா வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு டைப் அடித்துக் கொடுக்கிறாள். அவள் போன் பண்ணி, எழுத்தெல்லாம் மங்கலாக இருக்கிறது என்றாள். நான் போனிலேயே கட்டளைகளை வரிவரியாகச் சொன்னேன். அவளும் கெட்டிக்காரி, பிசகாமல் அடித்தாள். ஆனால் அந்த மானிட்டருக்கு நான் சொன்ன அளவு தாங்கவில்லை. "அக்கா, கருப்பாயிருச்சு!" என்றாள். பதறாதே, நானே வருகிறேன், அதுவரைக்கும் எதையும் தொடாதே என்றேன். அவள் தொடவில்லை. பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் மிச்ச வேலையை அடிக்கப் போய்விட்டாள்.

நான் வண்டியில் போய் இறங்கியபோது மேஜை மேல் கீபோர்டு இருந்தது, மவுஸ் இருந்தது, தொங்குகிற கேபிள் இருந்தது. மானிட்டரைக் காணோம். அது இருந்த இடத்தில் நல்ல நீலக் கலரில் ஒரு பிளாஸ்டிக் வாளி. நித்யாவும் அப்போதுதான் உள்ளே வந்தாள். இரண்டு பேரும் வாளியையே பார்த்தோம். அவள் அம்மா சமையல்கட்டிலிருந்து சாவகாசமாக வந்து, பழைய சாமான் வண்டி வந்தது, போட்டுவிட்டேன் என்றார். நித்யா கடிகாரத்தைப் பார்த்தாள். அதுவரை அடித்ததெல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது, அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் அவளுக்கு அந்த வேலையே இருக்காது.

வாளியைத் தூக்கிக்கொண்டு என் வண்டியில் கிளம்பினோம். அந்தச் சாமான் வண்டிக்காரரின் மைக் சத்தத்தைக் காதால் பிடித்துக்கொண்டே போய், மலைக்கோயில் அடிவாரத்தில் பிடித்தோம். பழைய குக்கர்களுக்கும் ஒரு சைக்கிள் ரிம்முக்கும் நடுவில் மானிட்டர் குப்புறக் கிடந்தது. அவர் கொடுக்க மாட்டேன் என்றார், வியாபாரம் முடிந்துவிட்டது என்றார். அப்புறம் நித்யா முகத்தைப் பார்த்து, வாளியை வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டி, சரியான அளவைத் திணித்தேன். எழுத்து முத்து முத்தாக வந்தது. நித்யா உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் அம்மா மட்டும் சமாதானமாகவில்லை.

"வெளிச்சமில்லாத பொட்டிக்கு வாளி வாங்குனேன். இப்ப வெளிச்சம் வந்துருச்சு, சரி. தண்ணிய இதுலயா புடிக்கிறது?"

செல்வமணி அண்ணன் திகைத்த நாள்

இது எங்கள் கடைக்குள்ளேயே நடந்தது. புதுசாக வந்த லினக்ஸ் ஒன்றை அண்ணன் ஒரு மெஷினில் ஏற்றினார். வழக்கமான கட்டளையை அடித்தார். தப்பு என்று சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டது. ஆனால் திரையில் ஒரு மயிரிழை அசையவில்லை. மறுபடி அடித்தார், மறுபடி ஏற்றுக்கொண்டது, அசையவில்லை. உங்களில் சிலருக்கு விஷயம் புரிந்திருக்கும். புதுசுகளில் திரையைக் கவனிக்கிற ஆளே, அதாவது புரோகிராமே, வேறு, பழைய ஆளிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. இத்தனை வருஷம் மனப்பாடமாக அடித்த கட்டளைக்கு மதிப்பில்லாமல் போனதில் அண்ணனுக்கு நிஜமாகவே அதிர்ச்சி. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"முடியாதுன்னு சொன்னாக்கூட சண்டை போடலாம். சரி சரின்னு தலையாட்டிட்டு செய்யாம இருக்கறவங்கள என்னம்மா பண்றது?"

அப்பாவின் காது

அரியலூரில் ஒரு கல்யாணம். பெண் சங்கீதா. அவள் அப்பா வெளிநாட்டில் லாரி ஓட்டுகிறார், லீவு கிடைக்கவில்லை. அப்பா வீடியோவில் வருவார், மேடைக்கு எதிரே பெரிய எல்.இ.டி. சுவரில் அவர் முகம் தெரிய வேண்டும், அவரைப் பார்த்துக்கொண்டுதான் கழுத்தை நீட்டுவேன் என்று சங்கீதா சொல்லியிருந்தாள். சின்னச் சின்னப் பலகைகளை ஒட்டிச் செய்கிற சுவர் அது, டிவி மாதிரி அதற்கு ஊரறிந்த அளவு கிடையாது. எத்தனை பலகையோ அதற்குத் தகுந்தபடி கணக்குப் போட்டு நாம்தான் அளவைத் திணிக்க வேண்டும். முந்தின நாளே போய்ச் சரியாகப் போட்டு, சோதித்துப் பார்த்துவிட்டு வந்தேன். காலையில் சும்மா மேற்பார்வைக்கு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

முகூர்த்த நேரம். தாய்மாமன் லேப்டாப்பில் அழைப்பைப் போட்டார். சுவரில் என்ன தெரிந்தது என்றால், ஓடுகிற ஒரு மின்விசிறி. அதற்குக் கீழே ஒரு காது. அவ்வளவுதான். மண்டபமே அந்தக் காதைப் பார்த்தது. சங்கீதா நிமிர்ந்து, "அப்பா எங்க?" என்றாள். நான் சுவர்ப் பக்கம் ஓடினேன். பூ அலங்காரக்காரர்கள் வளைவு நிற்க இடமில்லை என்று ஓரத்தில் ஒரு வரிசைப் பலகையையும் அடியில் ஒரு வரிசையையும் விடியற்காலையில் கழற்றி வைத்திருந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. சுவர் சுருங்கிவிட்டது, என் அளவு சுருங்கவில்லை. அப்பாவின் முகம், கழற்றிய பலகைகள் இருந்த இடத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது.

ஐயர், "நேரம் போயிண்டிருக்கு, கெட்டிமேளம் சொல்லலாமா?" என்றார். மாப்பிள்ளை கையில் தாலி. சங்கீதா தலையைக் குனியவில்லை. "எங்க அப்பா மொகம் தெரியட்டும்" என்றாள். மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார்கள். பலகைகளை விரல் விட்டு எண்ணினேன், பெருக்கினேன், தப்பாகப் பெருக்கினேன், மறுபடி பெருக்கினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஓரத்தில் அந்த லேப்டாப் முன்னால் மண்டியிட்டு அடிக்க ஆரம்பித்தேன். நான் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரத்துக்குச் சுவரில் தெரிந்தது. "என்னடி அது, மந்திரமா?" என்று முன்வரிசையில் யாரோ கேட்டது காதில் விழுந்தது. கடைசி வரி. என்டர். சுவர் முழுக்க இருட்டு.

அப்புறம் வெளிச்சம். சுவர் நிறைய முருகேசன், அதாவது அப்பா. புதுச் சட்டை, நெற்றியில் திருநீறு, பின்னால் அதே மின்விசிறி. மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். பாதிப் பேர் கை தட்டினார்கள், பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். சங்கீதா அழுதுகொண்டே தலையைக் குனிந்தாள். இதில் எதுவுமே அந்த மனுஷனுக்குத் தெரியாது. அவர் பக்கத்தில் ஆரம்பத்திலிருந்தே எல்லாம் சரியாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. மொத்தக் கூட்டமும் திடீரென்று எழுந்து தன்னைப் பார்ப்பதைக் கண்டு வெலவெலத்துப்போய்க் கத்தினார்:

"என்னாச்சு? எல்லாரும் ஏன் என்னையவே பாக்குறீங்க? மாப்புள்ளயப் பாருங்கய்யா!"

எந்த மானிட்டருக்கும் அதன் அளவை நாலு வரியில் புரியவைத்துவிடலாம் என்கிற தைரியம் எனக்கு வந்துவிட்டது, மானிட்டரும் இதைக் கேட்டுக்கொண்டால் நல்லது.